பரண்மேல் கிடக்கும் பொக்கிஷம்
வாசகர் கேள்வி – பதில்

தொலைக்காட்சியில் பார்த்த பழைய நகைச்சுவைத் தொடர்கள், விண்வெளித் தொடர்கள் பற்றி எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காவிரிப் படுகை ஊர்களிலிருந்து. பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி வீடியோ கேசட்டுகளிடமே வந்து நிற்கின்றன. அதனால் இந்த மாதம் அவற்றுக்கே முன்னுரிமை.

எண்பதுகளில் டெக் (வீடியோ கேசட் ரெக்கார்டர்) வைத்துப் பதிவுசெய்த 18 கேசட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஞாயிறு காலை வந்த 'ஸ்டார் ட்ரெக்', வெள்ளி இரவு வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி' எல்லாம் அதில் உண்டு. கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுருளின் மேல் வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது. போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

போடாதீர்கள். அந்த வெள்ளைப் பொட்டு பூஞ்சணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய காற்று பரணுக்குள் ஏறும். அடுத்த சித்திரையில் ஓட்டுச் சூடு இறங்கும். இப்படி முப்பது வருஷம் மாறி மாறிப் பட்டால் பூஞ்சணம் வராமல் இருப்பதுதான் ஆச்சரியம். பூஞ்சணம் பிடித்த கேசட் ஒன்றை டெக்கில் ஓட்டினால் இரண்டு கேடு. தூள், நாடாவைப் படிக்கும் வீடியோ ஹெட்டின் நுண்ணிய இடைவெளியை அடைத்துப் படத்தைப் பனிமூட்டமாக்கும். அதைவிட மோசம், அடுத்துப் போடும் நல்ல கேசட்டிலும் அதே தூள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதல் வேலை, 18-ஐயும் வெளிச்சத்தில் பார்த்துப் பொட்டு உள்ளவை, இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்து வெவ்வேறு அறையில் வைப்பது.

பொட்டு உள்ளவற்றை ஈரம் போக உலர்த்த வேண்டும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் பத்து கேசட்டுக்குக் கால் கிலோ சிலிக்கா ஜெல் போட்டு ஒரு வாரம் வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் ஈரம் குடித்துவிட்டதா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கும் யோசனை நம் பக்கத்தில் பலருக்கும் வரும், வேண்டாம். தவிட்டுத் தூசு உள்ளே போனால் பூஞ்சணத்துக்கு அதுவே தீனி. மொட்டை மாடி வெயிலும் கூடாது. கேசட்டின் ஓடு கோணும். உள்ளே உள்ள பாலியெஸ்டர் நாடா ஓரம் நெளியும். நெளிந்த ஓரத்தில்தான் ஒலியும், படத்தை நிலைநிறுத்தும் கட்டுப்பாட்டுத் தடமும் இருக்கின்றன.

உலர்ந்தபின் சுத்தம். வீட்டுக்கு வெளியே, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கேசட்டைக் கவிழ்த்தால் ஐந்து திருகாணிகள் தெரியும். நட்சத்திரத் திருப்புளியால் கழற்றி, மறுபடி நிமிர்த்தி, மேல் ஓட்டை மட்டும் நேராகத் தூக்குங்கள். நாடா எந்த உருளையைச் சுற்றி எப்படிப் போகிறது என்று உடனே செல்போனில் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். முன் மூடியின் சிறு சுருள்வில் தெறித்து ஓடும் பழக்கம் உள்ளது, அதையும் கவனியுங்கள். இரண்டு சுருளையும் எடுத்து, நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணியால் சுருளின் மேல், கீழ் முகங்களை மையத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். பிடிவாதமான இடத்துக்கு மட்டும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுக்கொள்ளலாம். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும். நாடாவின் பசைப்பூச்சுக்குத் தண்ணீர்தான் எதிரி. மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள்.

பழைய ஓட்டுக்குள் சுருளைத் திரும்ப வைக்காதீர்கள். மூலைமுடுக்கில் பூஞ்சண வித்து இருக்கும். எவருக்கும் வேண்டாத ஒரு சினிமா கேசட்டின் சுருள்களை நீக்கி, அந்தச் சுத்தமான ஓட்டில் உங்கள் சுருள்களை மாட்டுங்கள். பிறகு தனி ரீவைண்டர் இயந்திரத்தில் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். பல வருஷம் அசையாத நாடா சில இடத்தில் இறுக்கமாகவும் சில இடத்தில் தொளதொளவென்றும் சுற்றியிருக்கும். இப்படி ஒரு நடை போய்வந்தால் இழுவிசை சீராகும். நாடாவின் பரப்பிலேயே தூள் இருந்தால், ரீவைண்டர் ஓடும்போது முன் மூடிப் பக்கம் நாடாவை இருபுறமும் மிக லேசாகத் தழுவும்படி மடித்த துணியைப் பிடிக்க வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும். ஒரு இ-180 கேசட்டில் ஏறத்தாழ 258 மீட்டர் நாடா இருக்கிறது.

அறுந்திருந்தால் செல்லோடேப் ஒட்டக் கூடாது. அதன் பசை வெயிலில் கசிந்து ஹெட்டில் ஒட்டும். ஒட்டுவதற்கென்றே உள்ள ஸ்ப்ளைசிங் டேப் வேண்டும். முன் மூடியைத் தூக்கினால் நம்மைப் பார்க்கிற முகம் காந்தப்பூச்சு உள்ள முகம்; ஒட்டு அதன் முதுகுப்புறத்தில், கேசட்டின் உட்பக்கம் பார்க்கும் முகத்தில் வர வேண்டும். கசங்கிய சில அங்குலத்தை வெட்டி எறியுங்கள். ஒரு நொடிக்கு ஓடுவது 23.39 மில்லிமீட்டர் நாடாதான். பத்து சென்டிமீட்டர் போனால் நான்கு நொடி போகும். அதைக் காப்பாற்றப் போய் ஹெட்டைப் பறிகொடுக்க வேண்டாம்.

இந்தத் தொடர்கள் எல்லாம் இப்போது இணையத்திலும் டிவிடியிலும் தெளிவாகவே கிடைக்கின்றனவே. பழைய நாடாவுக்கு ஏன் இத்தனை பாடு?
– வாசகர், கும்பகோணம்

'ஸ்டார் ட்ரெக்' கிடைக்கும். 79 பகுதிகளும் படச்சுருளில் எடுத்தவை என்பதால் பத்திரமாக இருக்கின்றன. வீடியோ நாடாவில் எடுத்த தொடர்களுக்கு அந்தக் கொடுப்பினை எல்லா இடத்திலும் வாய்க்கவில்லை. பிரிட்டனின் பிபிசி 1963 நவம்பர் 23-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ'வை எடுத்துக்கொள்ளுங்கள். நாடா விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கு வழியும் குறைவு. அதனால் பழைய பகுதிகளை அழித்து, அதே நாடாவில் வேறு நிகழ்ச்சி பதிந்தார்கள். அறுபதுகளின் 90-க்கும் மேற்பட்ட பகுதிகள் காணாமல் போயின. வெளிநாடுகளுக்கு விற்ற 16 மில்லிமீட்டர் படச்சுருள் பிரதிகளிலிருந்து சில திரும்பின. நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கண்டெடுத்த ஒன்பது பகுதிகள் 2013-இல் வெளிவந்தன. காணாமல் போன அத்தனை பகுதிகளுக்கும் ஒலி மட்டும் இன்று முழுசாக இருக்கிறது. காப்பாற்றியது நிலையம் அல்ல. தொலைக்காட்சிப் பெட்டி முன் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த சாதாரண ரசிகர்கள்.

உங்கள் கேசட்டில் தொடர் மட்டும் இல்லை. அதற்கு முன் வந்த அறிவிப்பாளர், நடுவில் வந்த விளம்பரம், ஒளிபரப்பு நின்றபோது காட்டிய 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை இவை எந்த டிவிடியிலும் வராது. எனவே மாற்றும்போது விளம்பரத்தை வெட்டி எடுக்காதீர்கள். முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை அப்படியே பதியுங்கள்.

பிரான்சில் இருக்கும் உறவினர் அந்தக் காலத்தில் நகைச்சுவைத் தொடர்களைப் பதிந்து அனுப்பிய கேசட்டுகள் உள்ளன. இங்கே போட்டால் கறுப்பு வெள்ளையாகத்தான் வருகிறது. ஒலி நன்றாக இருக்கிறது. வண்ணம் அழிந்துவிட்டதா?
– வாசகி, காரைக்கால்

அழியவில்லை. நம்முடையது 'பால்' முறை, பிரான்சுடையது 'செக்காம்' முறை. இரண்டுக்கும் 625 வரி, நொடிக்கு 25 சட்டகம் என்பதால் படம் நிலையாக நிற்கிறது. வண்ணத்தைப் பதியும் விதம் வேறு என்பதால் நம் டெக் அதைப் புரிந்துகொள்வதில்லை. கேசட்டில் ஒலி தனித்தடத்தில் இருப்பதால் அதற்குச் சிக்கலே இல்லை. செக்காம் என்று முகப்பில் குறித்த டெக்கோ, பல முறைகளையும் படிக்கும் மல்ட்டி சிஸ்டம் டெக்கோ தேடுங்கள். மத்தியக் கிழக்கு நாடுகளுக்கென்று வந்த டெக்குகளில் 'மீ-செக்காம்' என்று இருக்கும். அது பிரெஞ்சுப் பதிவுக்கு ஒத்துவராது, அதிலும் கறுப்பு வெள்ளைதான் வரும். வாங்குவதற்கு முன் உங்கள் கேசட்டையே எடுத்துப்போய் ஓட்டிப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த கேசட்டாக இருந்தால் நிலைமை வேறு. அது 525 வரி. நம் டெக்கில் படம் உருண்டுகொண்டே இருக்கும்.

டெக் ஓடுகிறது. கணினியில் ஏற்ற யூஎஸ்பி கருவி வாங்கினேன். அரைமணி நேரத்தில் உதட்டசைவும் பேச்சும் ஒட்டாமல் போகின்றன. படத்தின் அடியில் ஒரு பட்டை கிழிந்த மாதிரி ஆடுகிறது. எங்கே தவறு?
– வாசகர், தஞ்சாவூர்

அடியில் ஆடும் பட்டையிலிருந்து தொடங்குவோம், அது குற்றமே இல்லை. டெக்கின் உருளை நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது; அதிலுள்ள இரண்டு ஹெட்டுகளில் ஒன்று விட்டு மற்றொன்று தொடரும் இடம் அது. பழைய பெட்டிகள் படத்தின் ஓரத்தைத் திரைச்சட்டத்துக்குப் பின்னால் மறைத்ததால் நம் கண்ணில் பட்டதில்லை. பார்க்கும் பிரதியில் அந்த வரிகளைக் கறுப்பால் மூடினால் போதும்.

பேச்சு ஒட்டாததற்குக் காரணம், பழைய நாடாவிலிருந்து வரும் ஒவ்வொரு வரியும் சரியான நேரத்துக்கு வருவதில்லை. விலை மலிந்த கருவி குழம்பிச் சில சட்டகங்களை விட்டுவிடும். ஒலி மட்டும் விடாமல் ஓடும். அரைமணி நேரத்தில் அந்த வித்தியாசம் சேர்ந்துவிடுகிறது. டெக்குக்கும் கருவிக்கும் நடுவே நேரத்தைச் சீர்செய்யும் டைம் பேஸ் கரெக்டர் இருந்தால் தீரும். அது விலை கூடுதல். அதற்குப் பதில், பயன்படாமல் கிடக்கும் டிவிடி ரெக்கார்டர் ஒன்றைத் தேடுங்கள். டிவிடி பிளேயர் அல்ல, பதியும் வசதியுள்ள ரெக்கார்டர். டெக்கின் வெளியீட்டை அதன் உள்ளீட்டில் கொடுத்து, அதன் வெளியீட்டிலிருந்து கணினிக்கு எடுங்கள். வட்டு எதுவும் போடத் தேவையில்லை. பல மாடல்களில் இந்த வழியாகப் போகும்போதே குறிப்பலை சீராகிவிடும்.

மென்பொருளில் அமைக்க வேண்டியவை: பால் முறை, 720 × 576, நொடிக்கு 25 சட்டகம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். கருவி பல சமயம் அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி. என்றே தொடங்கும், கவனிக்காமல் விட்டால் மூன்று மணி நேர வேலை வீண். மஞ்சள் வயர் படம், வெள்ளை ஒலி. பழைய டெக் பெரும்பாலும் ஒற்றை ஒலிதான், சிவப்பைத் தேடி அலைய வேண்டாம். பின்னர் இடதை வலதுக்கும் நகல் எடுக்கலாம். இழப்பில்லாச் சுருக்கத்தில் பதிந்தால் ஒரு மணி நேரம் 30 ஜிகாபைட் அளவுக்கு வரும். அவ்வளவு இடம் இல்லையென்றால் எம்பெக்-2, நொடிக்கு 8 மெகாபிட், மணிக்கு 3.6 ஜிகாபைட். அதற்குக் கீழே போனால் கூட்டமான காட்சிகளும் நாடாவின் துகளிரைச்சலும் கட்டம் கட்டமாக உடையும்.

இன்னொன்று. ஒற்றை வரி, இரட்டை வரி பின்னிய அந்த மூலப் பதிவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் பார்ப்பதற்குத் தனியே ஒரு பிரதி எடுத்து, அதை மட்டும் பின்னல் நீக்கி நொடிக்கு 50 சட்டகமாக மாற்றுங்கள். 25 ஆக்கினால் அசைவின் பாதி போய்விடும். வீடியோவில் எடுத்த நகைச்சுவைத் தொடர்களின் அந்த மேடை நாடக நெருக்கம் அசைவின் வழுக்கலில்தான் இருக்கிறது.

டெக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் வேண்டாத கேசட்டைப் பத்து நிமிடம் ஓட்டி, நாடா கசங்காமல் திரும்புகிறதா பாருங்கள். ரப்பர் பெல்ட் தளர்ந்தோ, நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை கெட்டித்தோ போயிருந்தால் நாடாவை மென்றுவிடும். மென்றால் இழுக்காதீர்கள், மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, மேல்மூடியைக் கழற்றிக் கையால் விடுவியுங்கள். ஹெட் துடைக்கக் காது குடையும் பஞ்சு ஆகாது, நூல் சிக்கும். மான்தோல் போன்ற மெத்தென்ற தோல் ஒட்டிய குச்சியில் ஐசோபுரோபைல் தொட்டு, குச்சியை உருளைமேல் அசையாமல் பிடித்து, உருளையை மேலிருந்து விரலால் மெல்லச் சுற்றுங்கள். குச்சியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் முனை ஒடியும். ஒடிந்தால் அந்த டெக்கின் கதை அத்தோடு முடிந்தது.

'ஸ்டார் ட்ரெக்'கில் ஆட்கள் மினுமினுத்து மறைவார்களே, கணினி இல்லாத அந்தக் காலத்தில் அதை எப்படிச் செய்தார்கள்?
– மாணவி, திருவாரூர்

அலுமினியத் தூள். கறுப்புப் பின்னணிக்கு முன்னால் தூளைக் கொட்டி, பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ச்சி, மெதுவாக விழுவதுபோல் தெரிய வேக ஓட்டத்தில் படமெடுத்தார்கள். நடிகர் நிற்கும் காட்சி, அவர் இல்லாத அதே காட்சி, இந்த மினுமினுப்பு மூன்றையும் அச்சில் சேர்த்தால் ஆள் கரைந்துபோவார். அந்த யோசனை பிறந்ததே சிக்கனத்தால். வாரா வாரம் கப்பல் ஒரு கோளில் இறங்குவதைக் காட்ட பணமும் நேரமும் இல்லை. ஆட்களை நேராகத் தரைக்கு அனுப்பிவிட்டார்கள். 11 அடி நீள மரக்கப்பல் மாதிரியை இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். தட்டுப்பாடு இப்படி ஒரு அழகைக் கொண்டுவந்து சேர்த்த இடம் தொலைக்காட்சியில் வேறொன்று சொல்வது கடினம்.

சிலோன் ரூபவாஹினி எங்கள் கரையில் சில மாலைகளில் பளிச்சென்று வரும், சில வாரம் புள்ளி புள்ளியாக இரையும். ஆன்டெனாவைத் தொடவே மாட்டோம். ஏன் அப்படி?
– வாசகர், வேதாரண்யம்

ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான 2,524 மீட்டர் பிதுருதலாகலையில் அதன் ஒளிபரப்பி உண்டு. அந்த உயரத்திலிருந்துகூட வானலை தடையின்றி எட்டுவது ஏறத்தாழ 205 கிலோமீட்டர்தான். உங்கள் 15 மீட்டர் குழாய்க் கம்பம் இன்னும் 16 கிலோமீட்டர் சேர்க்கும். வேதாரண்யம் அதற்கும் அப்பால், 350 கிலோமீட்டருக்கு மேல். மிச்ச தூரத்தைக் கடத்தியது பாக் நீரிணை மேல் நின்ற காற்று. காற்றசைவு அடங்கிய மாலைகளில் கடலை ஒட்டி ஈரக் குளிர்ந்த அடுக்கும், அதன்மேல் உலர்ந்த வெப்ப அடுக்கும் படியும். அந்த இரண்டுக்கும் நடுவே அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து வளைந்து கரைசேரும். காற்று கிளம்பி அடுக்கு கலைந்தால் படமும் கலையும்.

அலையைப் பெருக்கும் பூஸ்டரைப் பெட்டியருகே வைத்தவர்களுக்கு இரைச்சலும் சேர்ந்தே பெருகியது. கம்பத்தின் உச்சியில், வயர் தொடங்கும் இடத்தில் வைத்தவர்களுக்குத்தான் பலன். உங்கள் ஊர் உப்புக்காற்றில் அலுமினியக் குச்சி சேரும் இடங்கள் வெண்மையாகப் பூத்து இணைப்பு விடுவதும் உண்டு.

ஷட்டர் வைத்த பழைய டிவி இன்னும் ஓடுகிறது. மாற்றிய தொடர்களை அதிலேயே பார்க்க ஆசை. மஞ்சள் வயருக்குத் துளை இல்லை, ஆன்டெனாத் துளை மட்டும்தான்.
– வாசகர், மன்னார்குடி

படத்தையும் ஒலியையும் ஆன்டெனாத் துளைக்கு ஏற்ற அலையாக மாற்றும் ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சிறு பெட்டி வேண்டும். வாங்கும்போது இரண்டு விஷயம். அந்தக் காலப் பெட்டிகள் பல வி.எச்.எஃப். சேனல்களை மட்டுமே பிடிக்கும், மாடுலேட்டர் யு.எச்.எஃப்.-இல் அனுப்பினால் திரையில் எதுவும் வராது. அடுத்து ஒலி. நம் முறையில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க முறைப் பெட்டியில் அது 4.5, வாங்கிவந்தால் படம் வரும், பேச்சு வராது. பின்புறத்தில் தட்டை ரிப்பன் வயருக்கு இரண்டு திருகாணி மட்டும் இருந்தால் 75-க்கு 300 ஓம் பலூன் (balun) என்ற சிறு இணைப்பான் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். பெட்டியின் முதுகை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஒரு சிறுவன் கைக்கடிகாரத்தில் பேசி ராட்சத இயந்திர மனிதனை ஏவுவானே, அது என்ன தொடர்?
– வாசகர், பாபநாசம்

'ஜெயன்ட் ரோபோ'. ஜப்பானில் 1967–68-இல் வந்த 26 பகுதிகள். நாம் பார்த்தது ஆங்கிலக் குரல் கொடுத்தது. முதலில் கேட்ட குரலுக்கு மட்டுமே அந்த ரோபோ கட்டுப்படும், அது அந்தச் சிறுவனுடைய குரல். கடைசிப் பகுதியில் அவன் தடுத்தும் கேளாமல் எதிரியோடு சேர்ந்து வானில் வெடித்துப்போவதை நினைவு வைத்திருக்கிறீர்கள் என்றால் அதே தொடர்தான்.

கேசட்டின் மேல் ஒட்டிய சீட்டெல்லாம் உதிர்ந்துவிட்டது. எது எந்த வருஷம், என்ன நிகழ்ச்சி என்று எப்படி அடையாளம் காண்பது?
– வாசகி, திருவிடைமருதூர்

முகங்களிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே நடிகர் வேறு வேறு வேஷத்தில் வந்து கலாட்டா செய்தால் அவர் சதீஷ் ஷா, தொடர் 1984-இல் தொடங்கிய 'யே ஜோ ஹை ஜிந்தகி'. பேசும் இயந்திர நாய்க்குட்டி வந்தால் அது ஜீனோ, சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர் எழுதிய அந்தக் கதை தூர்தர்ஷனில் தொடராக வந்தது. தமிழில் அறிவியல் புனைகதையை அந்த அளவுக்கு வீடுவீடாகக் கொண்டுபோனது வேறில்லை. அசட்டுத்தனத்தாலேயே துப்பு துலக்கும் ஒருவர் வந்தால் உங்கள் ஊர்க்காரர் தேவனின் சாம்பு.

வருஷத்துக்கு நிகழ்ச்சியை நம்பாதீர்கள், மறு ஒளிபரப்பாக இருக்கலாம். விளம்பரத்தைப் பாருங்கள்: பண்டிகைத் தள்ளுபடி, புதுப்பட அறிவிப்பு, நடுவே வந்த செய்திச் சுருக்கம். ஒரே ஒரு தலைப்புச் செய்தி கிடைத்தால் தேதியே கிடைத்துவிடும். அந்தத் தேதிக்கு முன் பதிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் ஒரே கேசட்டில் மேலே மேலே பதிந்திருப்பார்கள். முதல் நிகழ்ச்சி முடிந்து வெட்டுப்பட்டதுபோல் வேறொன்று எட்டிப் பார்த்தால், அது அடியில் இருந்த பழைய பதிவு. அதற்குத் தனியாகத் தேதி தேட வேண்டும்.

கண்டுபிடித்ததைக் கேசட்டின் முதுகில் எண்ணாக மட்டும் எழுதுங்கள், விவரமெல்லாம் ஒரு நோட்டில்: எண், நிகழ்ச்சி, தொடங்கும் நிமிடம், தேதி, தேதிக்கு என்ன ஆதாரம். பதிவானதை அழிக்க முடியாதபடி முதுகின் ஓரத்திலுள்ள பிளாஸ்டிக் நாக்கை ஒடித்துவிடுங்கள். பிறகு புத்தகம்போல் நிற்க வைத்து, சுற்றிய சுருள் முழுவதும் அடிப்பக்கம் இருக்கும்படி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் அடுக்குங்கள். பீரோவில் துணியோடு வைத்தால் அந்துருண்டை அருகில் இருக்கக் கூடாது. அதன் ஆவி கேசட்டின் பிளாஸ்டிக்கைத் தின்னும்.